தூரத்தை அருகில் கொண்டுவரும் கண்ணாடி: கையிலுள்ள காசுக்கு எப்படித் தெரிவு செய்வது?



கற்பிட்டியிலிருந்து வள்ளத்தில் வடக்கே போனால் மணல்திட்டாக நீண்டு கிடக்கும் கரைதான் உச்சமுனை. மேற்கே திறந்த கடல். கிழக்கே குடாவின் அமைதியான நீர். அதற்கு அப்பால் வில்பத்துக் காடு கறுத்த கோடாகத் தெரியும். மீன்பிடிக் காலத்தில் இங்குள்ள வாடிகளில் வந்து தங்குவோருள், ஒரு காலத்தில் மண்வெட்டியைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத கமக்காரர்களும் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் ஒரு பையோடு கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்த பின்னர் முசலிப் பக்கத்துக் காணிகளைப் போய்ப் பார்த்து, காடு வெட்டி, மீண்டும் விதைக்கத் தொடங்கினார்கள். இன்றும் பல குடும்பங்களுக்கு ஒரு கால் புத்தளத்திலும் மறு கால் முசலியிலுமாகவே வாழ்க்கை போகின்றது.

இத்தகைய பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்த ஒரு சேமிப்புக் குழுவுடன் நாம் சில வருடங்களாகப் பழகி வருகின்றோம். சென்ற வருடம் அக்குழுவின் கூட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. “பாதர், தூரத்தைப் பார்க்கிற கண்ணாடி ஒன்று குழுக்காசில் வாங்கலாமா?” இளைஞர்கள் கேட்டது, டொல்பின் பார்க்கவும் பறவை பார்க்கவும் வரும் பயணிகளுக்கு வழிகாட்டிகளாக வேலை செய்வதற்காக. மூத்தவர்கள் கேட்டது, வயலுக்கு வரும் பன்றியையும் யானையையும் நேரத்தோடு காண்பதற்காக. கேள்வி சிறியதுதான். ஆனால் அந்தக் காசு பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் கிழமைக்குக் கிழமை அரிசிச் செலவில் மிச்சம் பிடித்த காசு. ஆகவே அதைப் பற்றி நிதானமாகவே பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சில் நாம் கற்றவற்றையும், அதற்கு முன் நாம் விட்ட ஒரு பிழையையும் இங்கே எழுதுகின்றோம்.

முதலில் எமது பிழை

ஒரு கண்காட்சிச் சந்தையில் நாம் ஒரு கண்ணாடியைக் கண்டோம். அதன் உடம்பில் பெரிய எழுத்தில் “60×90” என்று அச்சிட்டிருந்தது. அறுபது மடங்கு பெரிதாகக் காட்டும் என்றார் விற்றவர். விலையும் மலிவு. யோசியாமல் வாங்கினோம். உச்சமுனைக் கரையில் நின்று பார்த்தால் ஒரு மங்கல் வட்டம் ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தவருக்குத் தலை வலித்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து அடிமட்டத்தால் அளந்து பார்த்தோம். 90 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்த முன்வில்லை உண்மையில் 40 மில்லிமீற்றரும் இல்லை. அடிமட்டத்தைச் சந்தைக்கே கொண்டு போயிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எமக்குப் புரிந்தது. அந்தச் செலவைக் குழுவின் தலையில் கட்டாமல் நாமே ஏற்றுக்கொண்டோம்.

இரண்டு இலக்கங்களின் கதை

எல்லாக் கண்ணாடிகளிலும் 8×42, 10×50 என்றவாறு இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது இலக்கம் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 8 என்றால், எண்பது மீற்றர் தூரத்தில் நிற்கும் மாடு பத்து மீற்றரில் நிற்பது போலத் தெரியும். இரண்டாவது இலக்கம் முன்வில்லையின் அகலம், மில்லிமீற்றரில். வில்லை அகலமாக இருந்தால் அதிக வெளிச்சம் உள்ளே வரும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. இரண்டாவது இலக்கத்தை முதலாவதால் பிரியுங்கள். 42ஐ 8ஆல் பிரித்தால் ஐந்துக்குச் சற்று மேல். கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அதுவே. எமது கண்மணி நண்பகலில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவுக்குச் சுருங்கியிருக்கும். பொழுதுபடும்போது இளைஞருக்கு ஏழு வரையும், வயது போனவருக்கு ஐந்து அளவுக்கும் விரியும். ஆகவே மாலைக் கருக்கலிலும் விடியற்புறத்திலும் பார்க்க வேண்டியவருக்கு அந்தக் கணக்கின் விடை ஐந்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 8×42, 10×50, 7×50 ஆகியன அதற்குப் பொருந்தும். சட்டைப்பையில் வைக்கும் 10×25இன் விடை இரண்டரை மட்டுமே. பகலில் பரவாயில்லை, பொழுதுபட்டால் உதவாது.

மடங்கு கூடக் கூட நல்லது என்று எண்ணுவதே பலரும் விடும் பிழை. மடங்கு கூடினால் பார்க்கும் வட்டம் சிறுக்கும், வெளிச்சம் குறையும், கைநடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். கையில் பிடித்துப் பார்ப்பதற்குப் பத்து மடங்கே மேல் எல்லை. ஆடும் வள்ளத்தில் அதுவும் அதிகம். கடலோடிகள் நெடுங்காலமாக 7×50 வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

ஒற்றைக்கண் குழாயா, இரண்டு கண் கண்ணாடியா?

முக்காலியில் பூட்டி ஒரு கண்ணால் பார்க்கும் நீண்ட குழாய்த் தொலைநோக்கி ஒரு வகை. வெளிநாடுகளில் வேட்டைக்காரர் மலைச்சரிவில் மானைத் தேடுவதும், பறவை ஆய்வாளர் சேற்றுநிலத்தில் உள்ளான்களை எண்ணுவதும் இதனால்தான். பொதுவாக 20 தொடக்கம் 60 மடங்கு வரை கூட்டிக் குறைக்கலாம். கழுத்தில் தொங்கவிட்டு இரண்டு கண்ணாலும் பார்ப்பது மற்ற வகை.

குழாயின் பலமும் பலவீனமும் இவை. கரையில் உறுதியாக நிறுத்திவிட்டால், குடாவின் மறுகரையில் நிற்கும் பூநாரைக் கூட்டத்தைப் பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராகப் பார்க்கலாம். ஆனால் வள்ளத்தில் அது முற்றிலும் பயனற்றது. 60 மில்லிமீற்றர் வில்லையுள்ள குழாயை 60 மடங்குக்குத் திருப்பினால் எமது கணக்கின் விடை ஒன்றுதான். படம் இருண்டுவிடும். மேலும், உச்சமுனை போன்ற மணற்கரையில் காலை ஒன்பது பத்து மணிக்குப் பின்னர் சூடேறிய காற்று அலையலையாக எழும்பும். அப்போது முப்பது மடங்குக்கு மேல் எந்த விலையுயர்ந்த குழாயும் கலங்கிய படத்தையே காட்டும். ஆகவே மலிவான குழாய்களில் கூட்டிக் குறைக்கும் வசதிக்குக் காசு கொடுப்பதைவிட, 20 அல்லது 25 மடங்கு என நிலையாக அமைந்த ஒன்றை வாங்குவது புத்தி. குழாய் வாங்குவோர் முக்காலியையும் மறக்கக்கூடாது. நூறு ரூபா ஒதுக்கினால் அதில் இருபத்தைந்து முப்பது ரூபா முக்காலிக்கென்று வையுங்கள். ஆடும் முக்காலியில் நல்ல குழாயும் கெட்ட குழாயே.

பார்வைப்பக்கம் சரிந்து மேல்நோக்கி இருக்கும் குழாய், சிறுவர் பெரியவர் எல்லோரும் குனிந்து பார்க்க வசதியானது. நேராக இருப்பது, பறக்கும் பறவையைச் சட்டென்று பிடிக்க வசதியானது. பயணிகளுக்குக் காட்டுவதற்குச் சரிந்ததே சிறந்தது.

கடையில் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

1. அடிமட்டம் கொண்டு போங்கள். முன்வில்லையின் அகலம் எழுதியுள்ள இலக்கத்துக்குச் சரியா என்று அளந்து பாருங்கள். விற்பவர் கோபித்தால் வேறு கடை பாருங்கள்.

2. கண்ணாடியைக் கையெட்டும் தூரத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, பார்வைப்பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் உள்ளேயிருக்கும் அரியம் தரம் குறைந்தது.

3. மின்குமிழின் வெளிச்சம் முன்வில்லையில் பட்டுத் தெரிவதைப் பாருங்கள். மெல்லிய பச்சை அல்லது ஊதா நிறமாகத் தெரிந்தால் ஒளிப்பூச்சு உண்டு. வெறும் வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை. மாதுளம்பழம் போலச் செக்கச்சிவந்த வில்லை பார்க்க அழகு, ஆனால் படம் மங்கலாகவும் நிறம் மாறியும் தெரியும்.

4. கடைவாசலுக்கு வந்து, தெருவின் கடைசியிலுள்ள பெயர்ப்பலகையை வாசியுங்கள். பின்னர் ஒரு மின்கம்பத்தைப் பாருங்கள். கம்பம் இரண்டாகத் தெரிந்தாலோ, சில நிமிடத்தில் கண் இழுத்துப் பிடிப்பது போல இருந்தாலோ இரண்டு குழாய்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அதை வாங்காதீர்கள்.

5. மெதுவாக அசைத்துக் காதில் வையுங்கள். உள்ளே ஏதும் கலகலத்தால் விட்டுவிடுங்கள்.

6. மூக்குக்கண்ணாடி போடுபவர் அதைப் போட்டபடியே பார்த்து, முழு வட்டமும் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

7. பழைய கண்ணாடியானால் முன்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம். எங்கள் ஈரக்காற்றில் அது வளருமே தவிரக் குறையாது.

இன்னொன்று. இரண்டு கண் கண்ணாடிகளில் நேரான குழாய் போன்றதும், தோள் அகன்று வளைந்ததும் என இரண்டு அமைப்புகள் உண்டு. நேரானது பார்க்க நாகரிகம், கைக்கும் அடக்கம். ஆனால் அதனுள்ளே உள்ள அரியத்தைச் சரியாகச் செய்யச் செலவு கூடும். ஆகவே குறைந்த விலையில், தோள் அகன்ற பழைய அமைப்பே பெரும்பாலும் தெளிவான படம் தரும். கடலோரத்தவர் நீர் புகாதது என்று குறிக்கப்பட்டதையும் கவனியுங்கள். உள்ளே நைதரசன் வாயு நிரப்பி அடைத்தவை புகாரடிக்கா.

விலையைப் பற்றி ஒரு சொல். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா கொடுத்தோம். மே மாதமாகும்போது அது 360 ரூபா அளவுக்கு ஏறியது. இறக்குமதிப் பொருள் எல்லாம் அதனோடு ஏறின. ஆகவே பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு, மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதே இலாபம் என்று எண்ணாதீர்கள். மூன்று கடைகளில் விசாரியுங்கள். உத்தரவாதச் சீட்டை எழுதி வாங்குங்கள். கடன் எடுத்து வாங்காதீர்கள்.

துவக்கும் கண்ணாடியும்

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “துவக்கில் பூட்டுகிற குழாய் ஒன்று மலிவாக வருகிறதாம். அதை வாங்கினால் என்ன?” இதற்கு நாம் தெளிவாகவே பதில் சொன்னோம். வேண்டாம். அது குறிபார்ப்பதற்கானது, நின்று நோக்குவதற்கு உதவாது. அதை வைத்திருப்பவர் வீணான விசாரணைகளுக்கும் ஆளாகலாம்.

முசலிப் பக்கத்தில் பழைய தலைமுறையினர் வேட்டைக்குப் போனது எமக்குத் தெரியாததல்ல. வறுமையில் காட்டிறைச்சி ஒரு வீட்டைக் காப்பாற்றிய நாட்களும் உண்டு. ஆயினும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இன்று நடைமுறையில் உள்ளன. 1938இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட வில்பத்துவுக்குள் வேட்டை முற்றாகத் தடை. சட்டத்தைவிடப் பெரிய காரணமும் ஒன்றுண்டு. பன்றிக்கென்று கட்டும் கட்டுத்துவக்கு, விறகுக்குப் போகும் அயல்வீட்டுப் பிள்ளையையும் பன்றியையும் பிரித்தறியாது. பழத்துக்குள் வைக்கும் பன்றிவெடி யானைக்குட்டியின் தாடையைச் சிதைக்கும், அதைச் செய்பவரின் விரல்களையும் கொண்டு போகும்.

வேட்டைக்காரரின் கண்ணோ வேறு. தடம் பார்த்து, காற்றுப் பார்த்து, பொறுமையோடு காத்திருக்கத் தெரிந்த அந்தக் கண் ஒரு பெரிய சொத்து. வழிகாட்டி வேலைக்கு வேண்டியதும் அதுவே.

குழு எடுத்த முடிவு

இனி முக்கியமான சிக்கலுக்கு வருவோம். டொல்பின் என்று சொல்லப்படும் ஓங்கில் கூட்டங்கள் கற்பிட்டிக் கடலில் அதிகம் காணப்படுவது நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை. வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்குவதும் அந்த மாதங்களில்தான். முசலியில் பெரும்போகப் பயிர் நிற்பதும் ஏறக்குறைய அதே காலம். ஒரே கண்ணாடி இரண்டு இடத்தில் இருக்க முடியாது. வயலா, கடலா?

இளைஞர்களும் மூத்தவர்களும் குரலை உயர்த்தத் தொடங்கினார்கள். “நானா, கடல்தான் கைக்காசு தரும்” என்றான் ஒருவன். “வயல்தான் வாய்க்குச் சோறு தரும் மகன்” என்றார் மற்றவர். அப்போது அதுவரை பேசாமலிருந்த ஒரு தாய் கேட்டார்: “பன்றி வாறது சாமத்தில. அந்த இருட்டுக்குள்ள இந்தக் கண்ணாடி காட்டுமா?”

காட்டாது என்பதே உண்மை. நல்ல 8×42 கண்ணாடி பொழுதுபட்ட பின்னர் ஓர் அரைமணி நேரம் உதவும். நிலவுக் காலத்தில் இன்னும் கொஞ்சம். மயிலையும் குரங்கையும் பகலில் காணலாம். மாலையில் காட்டோரம் வந்து நிற்கும் யானையைப் பாதுகாப்பான தூரத்தில் இருந்தே கண்டு, பிள்ளைகளை உள்ளே அழைத்து, அயலவருக்கும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் அறிவிக்கலாம். அது ஓர் உயிரைக் காக்கக்கூடிய உதவிதான். ஆனால் நடுச்சாமப் பன்றிக்கு வேலியும், பரணும், விழித்திருக்கும் ஆளுமே வழி.

அந்த ஒரு கேள்வியோடு கூட்டம் அமைதியாயிற்று. குழு இவ்வாறு தீர்மானித்தது. நீர் புகாத, தோள் அகன்ற 8×42 கண்ணாடி ஒன்று மட்டும் வாங்குவது. அது வள்ளத்துக்கும் உதவும், கரைக்கும் உதவும். குழாய்த் தொலைநோக்கிக்கென்று இளைஞர்கள் கேட்ட மீதிக் காசை வயல்வேலிக்குக் கம்பியும் கட்டையும் வாங்கக் கொடுப்பது. வழிகாட்டி வருமானத்தில் ஒரு பங்கைச் சேமித்து, அடுத்த பருவத்துக்கு ஒரு பழைய குழாயும் முக்காலியும் தேடுவது. இளைஞர்களுக்கு முதலில் மனவருத்தம்தான். ஆனால் வேலிக் கிடங்கு வெட்ட அவர்களே முசலிக்குப் போனார்கள்.

பாதுகாக்கும் முறை

கண்ணாடியை வாங்குவது பாதி வேலை. உவர்க்காற்றிலும் மணலிலும் அதைக் காப்பது மற்றப் பாதி. குழு வைத்துள்ள ஒழுங்குகள் இவை. கழுத்துப்பட்டி போடாமல் எவரும் தொடக்கூடாது. வில்லையில் மணல் பட்டால் துடைக்கக்கூடாது. முதலில் ஊதி, மென்தூரிகையால் தட்டி, அதன் பின்னரே நன்னீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்ற வேண்டும். சேலைத் தலைப்பும் சாரமும் வில்லைக்கு எதிரிகள். இரவில் இறுக்கமான மூடியுள்ள தகரத்தில், மருந்துப் போத்தல்களோடு வரும் ஈரமுறிஞ்சிப் பொதிகளுடன் வைக்க வேண்டும். யார் எடுத்தார், எப்போது கொடுத்தார் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். எந்தக் காரணத்துக்காகவும் கண்ணாடியால் சூரியனைப் பார்க்கக்கூடாது. ஒரு கணத்தில் கண் போய்விடும். பிள்ளைகளுக்கு இதை முதல் பாடமாகச் சொல்லுங்கள். அடுத்தது, கற்பிட்டியில் கடற்படையினர் இருக்கின்றனர். முகாம்கள் இருக்கும் பக்கம் கண்ணாடியைத் திருப்பாதீர்கள். குழு இதை எதற்காக வைத்திருக்கிறது என்று கிராம உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். இடம்பெயர்ந்தவர் பட்ட சந்தேகங்கள் போதும்.

வள்ளத்தில் பயணிகளை ஏற்றுவோர் உரிய அனுமதியும் உயிர்காப்பு அங்கிகளும் பெற்றிருக்க வேண்டும். ஓங்கில் கூட்டத்தின் நடுவே எஞ்சினை ஓட்டிக் கலைக்கக் கூடாது. 1992இல் சரணாலயமாக்கப்பட்ட கற்பிட்டிப் பவளப்பாறைத் திட்டும் இந்தக் கடலில்தான் இருக்கிறது. அதைக் கெடுத்தால் நாளைய உழைப்பையே கெடுக்கின்றோம்.

முடிவாக

தொலைநோக்கி 1608ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து தேசத்தில் கண்ணாடி செய்யும் தொழிலாளர் கையில் பிறந்தது. அதே ஒல்லாந்தர்தான் 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். அந்நாளில் அது கப்பலையும் எதிரியையும் நோக்கும் ஆட்சியாளரின் கருவி. இன்று அதே கரையில் காணியிழந்த ஒரு கமக்காரனின் மகன் கழுத்தில் அது தொங்குகின்றது.

இப்பருவத்தில் ஒரு மாலை, நாம் உச்சமுனைக் கரையில் இருந்தோம். ஒரு காலத்தில் துவக்கோடு காட்டுக்குப் போன முதியவர் ஒருவர் கண்ணாடியை வாங்கி, ஆலாக் கூட்டமொன்றை நெடுநேரம் பார்த்தார். எது முன்னே போகும், எது பின்னே வரும், நாளை காற்று எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இளைஞர் இருவர் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். கண்ணாடி தூரத்தைத்தான் கிட்டக் கொண்டுவந்தது. அதில் என்ன பார்ப்பது என்பதைச் சொன்னவர் அந்த முதியவரே. உங்கள் கிராமத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். கண்ணாடி வாங்குமுன் அவரைத் தேடிப் போங்கள்.

உங்கள் குழுவில் கலந்துரையாட

1. எமது குழுக்காசில் கடைசியாக வாங்கிய பொருள் எது? அதனால் யாருக்குப் பயன் கிடைத்தது?

2. வாங்குமுன் அதை அளந்து, சோதித்துப் பார்த்தோமா?

3. எமது தீர்மானங்களில் பேசாமல் இருப்பவர் யார்? அவரிடம் நாம் கேட்டோமா?

4. எமது மூத்தவர்களின் எந்த அறிவு பயன்படாமல் கிடக்கின்றது?